ஆய்வகத் தட்டில் தேவைப்படும் மரபணு, உடம்பில்?

தஞ்சாவூர்
ஐப்பசி 12

அன்பு மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. மயிலாடுதுறைப் பக்கம் சம்பா நடவு முடிந்ததா? இங்கே மூன்று நாளாக விடாத மழை.

கார்பபெனெம் என்ற ஆன்டிபயாடிக் கேட்காத கிளெப்சியெல்லா பாக்டீரியாவில், மருந்துக்கு இலக்காகும் என்று நீ போட்ட அவசியமான மரபணுக்களின் பட்டியலைப் பார்த்தேன். கவனமான வேலை. ஆனால் அது சத்து நிறைந்த ஊடகத்தில் எடுத்த பட்டியல். அங்கே டி.என்.ஏ.வின் மூலப்பொருளான பியூரின் தயாராகவே கிடைப்பதால், அதைத் தயாரிக்கும் மரபணு போனாலும் கிருமி வளரும். ரத்தத்தில் அது நடக்காது. அதனால் நல்ல இலக்குகள் சில உன் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

உடம்புக்குள்ளும் மரபணு தேவையா என்று பார்க்கும் முதல் சல்லடைக்கு மெழுகுப்புழு போதும். தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த அதே புழுதான். 250 மில்லிகிராம் எடையில், கரும்புள்ளி இல்லாத வெளிர்மஞ்சள் புழுவாகப் பொறுக்கு. பின்பக்கத்துக் கடைசிப் போலிக்காலில் 10 மைக்ரோலிட்டர் கிருமிக்கரைசல் ஊசி, பிறகு 37 டிகிரி. தொற்று முற்றினால் புழு சாம்பல் நிறமாகி, கடைசியில் கரிக்கட்டையாகக் கறுக்கும், தொட்டாலும் அசையாது. வெறும் உப்புக்கரைசல் போட்ட பத்தில் இரண்டு செத்தால் அன்றைய சோதனையைத் தூக்கிப் போடு. பெரும்பாலும் காரணம் ஊசிக்காயம், இல்லாவிட்டால் பஸ்ஸில் வெயில் பட்டுச் சூடேறிய டப்பா.

சுண்டெலியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு கெடுக்கப்பட்ட ஒரு லட்சம் திரிபுகளைச் சேர்த்து மூக்கில் விட்டாலும், எல்லாம் ஒரு சின்ன மதகு வழியே போயாக வேண்டும். நுரையீரலில் காலூன்றுவது சில ஆயிரம்தான் என்றால், மீதியெல்லாம் தற்செயலாகத் தொலைந்தவை. அவற்றை ‘அவசியமான மரபணு’ என்று எழுதிவிடாதே. ஒவ்வொரு எலியிலும் வேறு வேறு திரிபுகள் காணாமல் போனால் அது மதகின் வேலை. எல்லா எலியிலும் அதே திரிபு போனால்தான் மரபணுவின் வேலை. 1995-ல் டேவிட் ஹோல்டனின் ஆய்வுக் குழு சால்மொனெல்லா பாக்டீரியாவின் திரிபுகளைக் கூட்டத்துக்கு 96 எனப் பிரித்துச் செலுத்தியதன் அருமை இப்போதுதான் உறைக்கிறது. சின்னக் கூட்டமாகப் பிரி, எலிகளைக் கூட்டு.

எலியின் தொடையில் கிருமியை ஊசி போடும் தொடைத்தொற்று முறையில் மதகு அகலம். வெள்ளணுவை ஒழிக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தை எலியின் எடையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் நான்கு நாள் முன்பும், 100 முந்தைய நாளும் கொடுத்து, தொடைக்குப் பத்து லட்சம் கிருமி. ஆனால் வெள்ளணுவை ஒழித்துவிடுவதால், வெள்ளணுவிடமிருந்து தப்பிக்க மட்டுமே உதவும் மரபணு அங்கே தெரியாது.

இன்னொன்று. மரபணு இல்லாத திரிபைச் செலுத்தித் தொற்று வரவில்லை என்று காட்டுவது தடுப்புக்குச் சான்று, சிகிச்சைக்கு அல்ல. நோயாளி காய்ச்சலோடுதான் வருகிறார். தொற்று ஊன்றி 24 மணி நேரம் கழித்து மரபணுவை அணைக்கும் சுவிட்ச் கட்டு. தீவனத்தில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்து அணைப்பது வழக்கம்; உன் கிருமியின் வளர்ச்சியை அந்த அளவு பாதிக்கிறதா என்று முதலில் பார்.

கிருமி டி.என்.ஏ.வுக்கு வேண்டியதைத் தயாரிக்க உதவும் ஃபோலேட் வழியில் கை வைப்பதானால் மிக எச்சரிக்கை. சுண்டெலி ரத்தத்தில், டி.என்.ஏ.வின் மூலப்பொருளான தைமிடின் மனித ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். கிருமி அதை எடுத்துக்கொண்டு பிழைத்துவிடும். அந்த வழியைத் தடுத்து மனிதனில் வேலை செய்யும் ட்ரைமெத்தோப்ரிம் மருந்து எலியில் தோற்றதுபோல் தெரியும். வெளியிலிருக்கும் தைமிடினைப் பயன்படுத்தத் தேவையான தைமிடின் கைனேஸ் என்ற நொதியை நீக்கிய திரிபை வைத்துச் சோதித்தால் உண்மை தெரியும்.

எலி வேலைக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வர நாளாகும். விண்ணப்பத்தை இப்போதே போடு. அதுவரை பட்டியலின் முதல் இருபது மரபணுக்களைப் புழுவில் ஓட்டி, எண்களை அனுப்பு.

அன்புடன்,
சேகர்