மோட்டார் சைக்கிள் பயணிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்க இருப்பதால், இவ்வறிக்கையில் வண்டிப் பராமரிப்பு பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். சென்ற பேரவையின் முடிவுப்படி, நெடும்பயணத்துக்கு முந்தின நாள் மாலையில் எல்லா வண்டிகளையும் ஓரிடத்தில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கத்தை இவ்வாண்டு தொடங்கினோம். விடியற்காலையில் கண்டுபிடிக்கும் கோளாறுக்கு உதிரிபாகக் கடை திறந்திருக்காது என்பதே இதற்கு முதற்காரணம்.

அந்தச் சோதனையில் நாம் தவறவிட்ட ஒன்றைக் கொல்லிமலை நமக்குக் காட்டியது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் இறங்கும்போது, உறுப்பினர் ஒருவரின் பின் பிரேக் மிதி பஞ்சை மிதித்ததுபோல் அடிவரை போய்விட்டது. அவர் பதறாமல் கியரைக் குறைத்து, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரங்கட்டியதால் காயமின்றித் தப்பினார். டிஸ்க்கிலிருந்து கருகல் வாடை வந்தது. நன்றாக ஆறவிட்ட பிறகு மிதி பழையபடி இறுகியது. டாட் 4 என்னும் தரவகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டிய அந்த ஆயில், ஈரமேறிய பின் 155 டிகிரியை ஒட்டியே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, நாம் மிதிக்கும் அழுத்தமெல்லாம் அவற்றை நசுக்குவதிலேயே போய்விடும். அந்த வண்டியின் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. முந்தின மாலை அளவைப் பார்த்த நாங்கள் நிறத்தைப் பார்க்கவில்லை. இக்குறைக்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பேற்கிறேன். இனி ஆயில் கடைசியாக மாற்றிய தேதியும் சோதனை ஏட்டில் எழுதப்படும். இரண்டு ஆண்டு கடந்த வண்டி மலைப்பயணத்தில் சேர்க்கப்படாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவதையும், பிரேக் மிதியில் காலைச் சும்மா வைத்திருக்காமல் இருப்பதையும் உறுப்பினர்கள் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

செயின் விஷயத்தில் நல்ல முன்னேற்றம் உண்டு. ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டினால் அன்றைக்கே மாலையிலும், செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் இடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உள்ள ஓ ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவினால் அவ்வளையங்கள் கெட்டுவிடும் என்பதால் மண்ணெண்ணெயையோ அதற்கான திரவத்தையோ பயன்படுத்த வேண்டும். தொய்வை ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். அவரவர் கையேட்டைப் பார்ப்பதே சரி.

வால்பாறையில் ஒரு வண்டி காலையில் செல்ஃப் எடுக்காமல் டிக் டிக்கென்று சத்தம் மட்டும் எழுப்பியது. பேட்டரி இறந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினோம். ஆனால் டெர்மினல் போல்ட்டு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சத்தமே வராவிட்டால் முதலில் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச், பிறகு சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஃபியூஸ் என்று பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதபோதுதான் பெட்ரோலையும் பிளக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் லீவருக்குள் மறையும் முனையில்தான் இழை இழையாக அறும். அதனால் புதுக் கேபிள் ஒன்றைப் பழையதை ஒட்டியே ஓட்டிக் கட்டி வைப்பது நல்லது. பழையது அறுந்தால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதன் இரு முனைகளையும் மாட்டினால் போதும்.

டியூப் டயர் வண்டிகளுக்காக டயர் லிவர், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கைப்பம்பு ஆகியவை அடங்கிய பொதுப் பெட்டி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கான தீர்மானத்துடன் இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்