பி12 பார்த்துவிட்டு எழுது

அன்புள்ள கார்த்திக்,

அப்பாவுக்கு நீ அனுப்பிய ஞாபகசக்தி மாத்திரை வந்து சேர்ந்தது. டப்பாவைப் பிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பாட்டியின் மறதியைப் பார்த்த பயம் உனக்கு இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. ஆனால் காலமெல்லாம் லேபில் ரத்தம் பார்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அப்பாவுக்கு ஹோமோசிஸ்டீன் பார்த்தோம். 15-க்குள் இருக்க வேண்டியது 22. நாம் சாப்பிடும் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதிலிருந்து உடம்புக்குள்ளேயே உண்டாவதுதான் ஹோமோசிஸ்டீன். பி12, ஃபோலேட் என்ற இரண்டு பி வைட்டமின்களும் இதைத் திரும்ப மெத்தியோனினாக்கிவிடும். அவை குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். தேங்கினால், மூளையில் டௌ என்ற புரதத்தின் மேல் ஏறும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிற நொதி மந்தமாகிறது என்று சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன. பாஸ்பேட் அதிகம் ஏறிய டௌ முறுக்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாகிறது. அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களின் மூளையில் பார்ப்பது அந்த முடிச்சைத்தான். அதே நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதமும் எலிகளில் கூடியது.

மனிதர்களிடம்? 2002-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், ஹோமோசிஸ்டீன் 14-க்கு மேல் இருந்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. எழுதிய சுதா சேஷாத்ரி நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்! 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டில், லேசான மறதி இருந்த முதியவர்களுக்கு இரண்டு வருஷம் பி வைட்டமின்கள் கொடுத்ததில் மூளை சுருங்கும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஹோமோசிஸ்டீன் அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பலனும் அதிகம். அதற்காக வைட்டமின் போட்டால் மறதி நோயே வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

அப்பா சுத்த சைவம். அதோடு சர்க்கரைக்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின். அதுவும் பி12-ஐக் குறைக்கும். டாக்டர் ஊசி ஆரம்பித்திருக்கிறார்.

அப்புறம் நீ. வீகன் என்று தயிரையும் விட்டுவிட்டாய். கீரையில் ஃபோலேட் கிடைக்கும், பி12 கிடைக்காது. உன் கொள்கையை நான் குறை சொல்லவில்லை, மாத்திரையாவது போடு. முதலில் பி12, ஹோமோசிஸ்டீன் இரண்டையும் டெஸ்ட் செய். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் டியூபுக்குள்ளேயே சிவப்பணுக்கள் அதைக் கக்கிக்கொண்டிருக்கும், எண் பொய்யாக ஏறும். அப்பாவின் டியூப் ஐஸுக்குப் போகும்வரை நான் அங்கேயே நின்றேன், லேபில் இருந்த பெண் முறைத்தாள். நீயும் கேள், கூச்சப்படாதே.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போடு. அந்த டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் விசாரி, விலையைப் பார்த்து அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மா