போர் வரலாற்றுக் காணொளி போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் இவ்வளவு காணொளிகள் வருவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் சவுத் டகோட்டா போர்க்கப்பலின் கதையை "ஒரே நாளில் 26 விமானங்களைச் சுட்ட கப்பல்" என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

அந்த 26 என்பது கப்பல்காரர்கள் கோரிய கணக்கு. பல கப்பல்கள் ஒரே விமானத்தைக் குறிவைத்துச் சுடும்போது, அது விழுந்ததும் ஆளுக்கு ஆள் தன் கணக்கில் எழுதிக்கொள்வது எல்லாப் போரிலும் நடந்ததுதான். பிற்பாடு இந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. சரி, எண்ணிக்கை எதுவாகவும் இருக்கட்டும். அந்தக் கப்பல் சண்டைக்குப் போனது விமானம் எண்ணுவதற்கு இல்லையே.

1942 அக்டோபர் 26 அன்று, தென் பசிபிக்கின் சாண்டா குரூஸ் தீவுகள் அருகே ஜப்பானோடு சண்டை நடந்தபோது, பசிபிக்கில் அமெரிக்காவிடம் போருக்குத் தயாராக இருந்த விமானந்தாங்கிகள் ஹார்னெட், என்டர்பிரைஸ் இரண்டுதான். சவுத் டகோட்டா என்டர்பிரைஸுக்குக் காவலாக நின்றது. பழைய போர்க்கப்பல்களுக்கு விமானந்தாங்கியோடு ஓடும் வேகம் கிடையாது. 27 நாட் (மணிக்குச் சுமார் 50 கி.மீ.) வேகத்தில் போகக்கூடிய இந்தப் புதுக் கப்பலால் கூடவே திரும்பி, கூடவே ஓட முடிந்தது. காணொளிகளில் இதை யாரும் சொல்வதில்லை.

துப்பாக்கிகளைப் பற்றியும் கொஞ்சம் நின்று சொல்லுங்கள். தொலைவுக்கு 16 ஐந்து அங்குல பீரங்கிகள், நடுத்தூரத்துக்குப் புதிதாகப் பொருத்திய 40 மி.மீ. போஃபர்ஸ், மிக அருகே வந்துவிட்டால் 20 மி.மீ. ஓர்லிகன். விமானத்தை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டு அன்று அவர்களிடம் இல்லை. அது போருக்கு வந்தது 1943 ஜனவரியில். எத்தனை நொடியில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து வைத்துத்தான் ஐந்து அங்குலக் குண்டுகளை வீசினார்கள். கேப்டன் தாமஸ் கேட்ச், கப்பலைப் பளபளப்பாக வைப்பதைவிடச் சுடும் பயிற்சியே முக்கியம் என்று நினைத்தவர். பலன் அன்று தெரிந்தது.

அப்புறம், நாசகாரிக் கப்பல் ஸ்மித். எனக்கு அந்த நாளில் மறக்கவே முடியாதது இதுதான். ஒரு ஜப்பானிய டார்பிடோ விமானம் அதன் முன்தளத்தில் மோதித் தீப்பிடித்துவிட்டது. எரிந்துகொண்டே அது சவுத் டகோட்டாவின் பின்னால் போய், அந்தப் பெரிய கப்பல் கிளப்பிவிட்ட நுரைத் தண்ணீருக்குள் மூக்கை விட்டுத் தீயைத் தணித்தது. தணிந்ததும் தன் இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி சுட்டது.

சவுத் டகோட்டாவின் முதல் பீரங்கிக் கோபுரத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தது. தடித்த கவசம் தாங்கிக்கொண்டது. ஆனால் வெளியே சிதறிய துண்டு கேட்சின் கழுத்தைக் கிழித்தது. அந்தக் குழப்பத்தில் சுக்கான் கட்டுப்பாடு கை மாற, கப்பல் கொஞ்ச நேரம் என்டர்பிரைஸை நோக்கியே திரும்பியது. வீரக் கதைக்குப் பொருந்தவில்லை என்று இதை வெட்டிவிடாதீர்கள்.

ஹார்னெட் அன்று வாங்கிய அடியில் மறுநாள் அதிகாலை மூழ்கியது. அதற்குக் காவலாகப் போர்க்கப்பல் இல்லாததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பதும் நியாயமில்லை. முதல் தாக்குதல் வந்தபோது என்டர்பிரைஸ் மழைக்குள் மறைந்திருந்தது. அடி முழுக்க ஹார்னெட் மேல் விழுந்தது. என்டர்பிரைஸும் தப்பவில்லை, இரண்டு குண்டுகள் வாங்கி 44 பேரை இழந்தது. ஆனால் மிதந்தது. அடுத்த மாதம் குவாடல்கனால் தீவருகே நடந்த சண்டையில் ஜப்பானியப் போர்க்கப்பல் ஹியேயையும் படைகளை ஏற்றிவந்த கப்பல்களையும் தாக்கியதில் அதன் விமானங்களுக்கும் பங்கு உண்டு. சவுத் டகோட்டாவின் வேலையை அளக்க வேண்டுமென்றால் இதை வைத்து அளங்கள்.

கடைசியாக ஒன்று. எரிந்து விழும் விமானங்களுக்குக் கைதட்டல் சத்தமும் சிரிப்பொலியும் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஜப்பான் அன்று சுமார் நூறு விமானங்களை இழந்தது. அவற்றில் போனவர்களில் பலர் பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த விமானிகள். இந்தப் பக்கம், சவுத் டகோட்டாவில் கால்வின் கிரஹாம் என்று ஒரு பையன் இருந்தான்; வயதை மறைத்துக் கடற்படையில் சேர்ந்தபோது அவனுக்கு 12 வயது. இவர்களுக்கும் உங்கள் காணொளியில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கும் ஒரு வாசகன்