சொசேஜைக் கொதிக்க விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஆடி ஆவணியில் ஜேர்மனியிலும் சுவிஸிலும் இருந்து வரும் உறவுகளை எதிர்பார்த்து, வவுனியாவில் இருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரக் கடைக்காரர்கள் புதிதாக எதையாவது தொடங்குவது வழமை. அதில் ஒன்று, மரத்துக்குக் கீழ் மேசை போட்டு மத்தியானத்தில் சொசேஜும் பியரும் கொடுப்பது. பண்பாடு கெடுகிறது என்று எழுதுவோர் எழுதட்டும். சமையலறையில் நிற்கும் எங்களுடைய மனக்குறை வேறு. தட்டில் வரும் சொசேஜ் வெடித்து, வெளியில் கருகி, நடுவில் குளிர்ந்து கிடக்கிறது.

பிறீசரில் இருந்து எடுத்த கையோடு கொதிஎண்ணெயில் போடுவதால் வருகிற வினை அது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழிக்கிறது. கொழுப்பு எண்ணெயோடு போய்விட, மிஞ்சுவது சக்கை. அதை வெட்டி, கறிமிளகாயும் வெங்காயமும் சோஸும் போட்டு டெவல் ஆக்கினால் பிழை மறைந்துவிடும். எங்கள் பக்கத்தில் டெவல் இவ்வளவு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமோ தெரியாது.

முதல்நாள் இரவே பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். அடுத்தநாள் 4 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பைத் தணித்து, 1 லீற்றர் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். சூடு ஏறக்குறைய 85 பாகைக்கு வரும். அதில் 1 கிலோ குளிர்ந்த சொசேஜைப் போட்டால் 75க்கு இறங்கும். அந்தச் சூட்டிலேயே 20 நிமிடம் வையுங்கள். ஆவி எழலாம், குமிழ் எழக்கூடாது. பிறகு, தணல்மேல் சாம்பல் பூத்த சிரட்டைக் கரியில் ஐந்தாறு நிமிடம் உருட்டி எடுத்தால் போதும். கொழுப்புச் சொட்டி நெருப்புப் பிடித்தால் ஓரமாகத் தள்ளுங்கள். புகைக்கரி படிந்த சொசேஜ் கசக்கும்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இறைச்சி பழுதாகாமல் இருக்கப் போடும் நைத்திரைற்று உப்புச் சேர்த்தது எவ்வளவு வெந்தாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். சேர்க்காதது வேகுமுன்னரே மண்ணிறமாகிவிடலாம். ஊசி வெப்பமானி ஒன்று வாங்கி நடுவில் குத்திப் பாருங்கள். 72க்குக் குறைந்தால் மேசைக்கு அனுப்பக்கூடாது.

சொந்தமாகச் செய்ய விரும்புவோருக்கு ஜேர்மனியின் நூர்ன்பேர்க் நகரத்துச் சின்னச் சொசேஜ் நல்ல முன்மாதிரி. 7 முதல் 9 சென்ரிமீற்றர் நீளம், 20 முதல் 25 கிராம் நிறை. செம்மறிக் குடலில்தான் அடைப்பார்கள். இங்கே ஆட்டுக்குடலைச் சுரண்டிக் கழுவி உப்பில் போட்டு வைத்தால் அதே வேலைக்கு உதவும். 700 கிராம் பன்றித் தோள் இறைச்சி, 300 கிராம் முதுகுக் கொழுப்பு, 18 கிராம் உப்பு, 3 கிராம் மிளகுத்தூள், 80 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீர். அரைக்கும்போது கலவை 12 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கொழுப்பு இளகி மெழுகுபோல் பூசிக்கொள்ளும், வெந்தபின் பிரிந்து ஓடும், இறைச்சி மரத்தூள் மாதிரி உதிரும். வன்னி வெயிலில் பத்து மணிக்கு அரைக்கத் தொடங்கினால் நடப்பது இதுதான். விடியமுன் அரையுங்கள், இயந்திரத்தின் கத்தியையும் கண்தட்டையும் அரைமணி நேரம் பிறீசரில் வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

தொட்டுக்கொள்ளக் கடுகு அரைப்பவர்கள் சுடுதண்ணீர் சேர்க்கிறார்கள். காரம் எழும்பாது. பச்சைத் தண்ணீரில் அரைத்து, பத்து நிமிடம் விட்டு, காரம் மூக்கில் ஏறியபின் வினாகிரி ஊற்ற வேண்டும்.

உருளைக்கிழங்குச் சலட்டில் மயோனைஸ் போட்டு வெயிலில் வைப்பது வயிற்றோட்டத்துக்கு அழைப்பு. தென் ஜேர்மனியின் பவேரியாக்காரர் அதற்கு மயோனைஸ் சேர்ப்பதில்லை. 1 கிலோ கிழங்கை அவித்து, சூடு ஆறமுன் வெட்டி, 250 மில்லிலீற்றர் சூடான இறைச்சி ரசமும் 3 மேசைக்கரண்டி வினாகிரியும் சின்னதாய் அரிந்த வெங்காயமும் ஊறவிட்டு, கடைசியில்தான் எண்ணெய். எண்ணெயை முந்தி ஊற்றினால் கிழங்கு ரசத்தை உறிஞ்சாது.

இனி மரம். பவேரியாவின் மியூனிச் நகரில், மரநிழலில் இருந்து பியர் குடிக்கும் பியர் தோட்டம் வந்ததே குளிர்ச்சிக்காகத்தான். நிலத்தடியில் பியரைச் சேமித்த அறைகளுக்கு மேலே அகன்ற இலையுள்ள குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டு, சல்லிக்கல் பரப்பினார்கள். 1812இல் பவேரிய அரசர் முதலாம் மக்ஸிமிலியான் ஜோசப், அங்கே கோடையில் பியர் விற்கலாம், உணவில் பாண் மட்டும் கொடுக்கலாம் என்று கட்டளையிட்டார். சனம் வீட்டில் இருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போன பழக்கம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. எங்கள் தவறணைக்குப் பொரித்த மீனைச் சரையில் சுற்றிக்கொண்டு போகிறவருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இங்கே வேம்பும் இலுப்பையும் நிழலுக்கு நல்லவை. பனையில் நிழல் இல்லை. தென்னைக்குக் கீழே மேசை போடுவது புத்தியில்லை. ஆடி ஆவணியில் சோளகம் தென்மேற்கில் இருந்து புழுதியோடு அடிக்கும். கரியடுப்பை அந்தப் பக்கம் வைத்தால் புகை முழுக்க மேசைக்கு வரும். அடுப்பு வடகிழக்கு மூலையிலும், தென்மேற்கில் ஒரு கிடுகு வேலியும் இருக்கட்டும். சல்லிக்குக் காலையில் தண்ணீர் தெளியுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு பியர் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் பரிமாறும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மின்வெட்டுக்கு ஒரு வழி. ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிறீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து உள்ளேயே விட்டுவிடுங்கள். காலையில் குற்றி கோப்பையின் அடியில் கிடந்தால், இரவு எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பிறீசரில் இருந்த சொசேஜை விற்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.

உணவகச் சமையலறைப் பணியாளர் சிலர்,
கிளிநொச்சி