கொழும்பு மலிபன் வீதிக் கொப்பிக்கடை முதலாளிமாருக்கு ஒரு மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கு,

பள்ளிக்கூட சீசன் முடிந்து நீங்கள் கடையைத் துப்புரவாக்கும் நாட்கள் இவை. போன கிழமை உங்கள் வீதியில் பழைய பேப்பர் எடுப்பவரின் தள்ளுவண்டியில் ஒரு பென்சில் பெட்டியைக் கண்டேன். ஒரு குரோஸ், அதாவது 144 பென்சில் பிடிக்கும் அட்டைப்பெட்டி. மூடியில் கறையான் தின்றது போக மிஞ்சியிருந்தது 'சிலோன்' என்ற ஒரே சொல். நான் கிட்டப் போவதற்குள் வண்டி கூட்டத்துக்குள் மறைந்துவிட்டது. இப்படியான பழைய பெட்டிகளை எறியாமல் எனக்கென்று எடுத்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெறும் அட்டைதானே என்பீர்கள். 'சிலோன்' என்ற நம் நாட்டின் பெயர் 1972இல் 'ஸ்ரீலங்கா' என்று மாறியது; ஆகவே அந்தப் பெட்டி அதற்கு முந்தியதாக இருக்கலாம். (பெயர் மாறிய பிறகும் 'சிலோன்' என்பதை விடாத கம்பனிகள் உண்டு. அதனால் விலை, முகவரி, டெலிபோன் இலக்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் பிடிபடும்.) பென்சிலைச் சீவிச் சீவித் தீர்த்துவிடுகிறோம். பெட்டிதான் மிஞ்சுகிறது.

இதில் நமக்கென்று ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1847இல் அலிபேர் என்பவர் சைபீரியாவில் நல்ல காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், கண்டார். ஜெர்மனியின் பேபர் கம்பனி அதில் பென்சில் செய்து, சைபீரியக் காரீயம் என்று சொல்லிச் சொல்லியே விற்றது. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளுக்குள் நரம்பாகப் படிந்திருக்கும் நம்முடைய காரீயமோ உலகின் மிகத் தூய வகைகளில் ஒன்று. அது பீப்பாய் பீப்பாயாகக் கொழும்பில் கப்பலேறியது. பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளுக்குப் போனது. அதை வாங்கிய அமெரிக்காவின் டிக்சன் கம்பனி மூசையும் செய்தது, பென்சிலும் செய்தது. அந்தக் காலத்துப் பென்சில் பெட்டிகளில் நம் ஊர்ப் பெயர் எங்காவது இருந்ததா? பெட்டி கையில் இருந்தால்தானே பார்க்கலாம்.

அப்புறம், 1959இல் இங்கேயே பென்சில் கம்பனி தொடங்கி, அதன் 'அட்லஸ்' மார்க் சாமான்கள் வீட்டுக்கு வீடு வந்த கதை இருக்கிறது. அதன் பழைய உறைகளும் உங்கள் பரண்களில்தான் கிடக்கும்.

பெட்டியைப் பசை போட்ட இடத்தில் மெதுவாகப் பிரித்துத் தட்டையாக மடித்து வையுங்கள். விலைச்சீட்டை உரிக்க வேண்டாம். மைப்போத்தல் பெட்டி, நிப் டப்பா, கொப்பிக் கட்டின் சுற்றுத்தாள் எதுவானாலும் சரி. சனிக்கிழமை காலையில் கடை கடையாக வருவேன். பேப்பர்காரர் கிலோவுக்குத் தருவதைவிடக் கூடவே தருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளன்