தப்பாக மாட்ட முடியாதபடி வரையுங்கள்

வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுவோருக்கு வரைபடம் போட்டு விற்கும் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். பாகங்களின் வலுவைக் கணக்கிடுவதில் உங்களிடம் எனக்குப் பெரிய குறை இல்லை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டருக்காக ஸ்டிக்கை (ஓட்டும் கைப்பிடியை) விமானி 167 பவுண்டு, அதாவது சுமார் 76 கிலோ விசையோடு இழுக்கலாம் என்று அமெரிக்க விதி வைத்திருந்த கணக்கு உங்களுக்குத் தெரியும். அந்த அசைவைத் தள்ளிக் கடத்தும் புஷ் ராட் நீண்டால் வளைந்துவிடும் என்று நடுவில் தாங்கி கொடுக்கிறீர்கள். நான் பேச வந்தது அவற்றை மாட்டப்போகிற கையைப் பற்றி.

1947 ஆகஸ்ட் 23. இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் ஆவ்ரோ டியூடர் முன்மாதிரி விமானம் கிளம்பியதுமே விழுந்தது. பராமரிப்பின்போது ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) இணைப்பை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள்; வலப்பக்கம் திருப்பினால் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. இறந்தவர்களில் ஒருவர் ராய் சாட்விக், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர். அத்தனை பெரிய ஆலையிலேயே இது நடந்தது. ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு, இருக்கைக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு கையால் தடவித் தடவி மாட்டுகிறவரிடம் நீங்கள் எவ்வளவு கவனத்தை எதிர்பார்க்கிறீர்கள்?

ஆகவே, இடம் மாறக்கூடிய இரண்டு கேபிள்களுக்கு ஒரே மாதிரி முனையைக் கொடுக்காதீர்கள். ஒன்றின் முனை மற்றதன் பெல்கிராங்கில் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோலில்) நுழையவே கூடாது. போல்ட்டின் விட்டத்தை மாற்றுங்கள், அல்லது நீளத்தை. தப்பாக மாட்ட முடியாத அமைப்பு வேண்டும், இல்லையேல் அழியாத அடையாளம் வேண்டும், இரண்டில் ஒன்று போதும் என்று அமெரிக்க விதி இருந்தது. என் ஓட்டு முதலாவதற்கே. கிரீஸ் படிந்த பிறகு அடையாளத்துக்குப் பூசிய சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.

ராட் எண்டின் (ராட் முனையில் உருண்டை வைத்த மூட்டின்) ஒரு பக்கம் திறந்திருந்தால் அங்கே அகலமான வாஷர் போடச் சொல்லுங்கள்; உள்ளே இருக்கும் உருண்டை கழன்றாலும் இணைப்பு போல்ட்டை விட்டுப் போகாது. சுழலும் போல்ட்டில் நைலான் நட்டை மட்டும் நம்பக் கூடாது, நட்டு கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின் வேண்டும். பலர் இதைப் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகிறீர்கள். படத்திலேயே வரையுங்கள்.

இன்னொன்று: கட்டியவரே கடைசிவரை ஓட்டப்போவதில்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்த லாங்-ஈஸி என்ற வீட்டில் கட்டும் வகை விமானம், வேறொருவர் கட்டி அவர் கைக்கு வந்தது. வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டிய எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். அதை எட்ட உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது வலது கால் தன்னால் ரடர் மிதியை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவதை) அழுத்தக்கூடும் என்று விசாரணையில் கண்டார்கள். வரைந்தவர் மேல் அதில் தவறில்லை. ஆனால் எந்தக் கைப்பிடி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு வரி சேர்த்தால், மாற்ற நினைப்பவர் ஒரு நிமிடமாவது நின்று யோசிப்பார்.

கடைசியாக, சோதனைக்குத் தனிப் பக்கம் கொடுங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் வலது ஏலரான் மேலே, இடது கீழே. பின்னால் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே. ஒவ்வொன்றும் எத்தனை டிகிரி. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட்டில் 21 பேருடன் விழுந்த ஏர் மிட்வெஸ்ட் விமானத்தின் எலிவேட்டர் கேபிளில் டர்ன்பக்கிள் (கேபிளை இறுக்கித் தளர்த்தும் திருகு) தப்பாகச் சரிசெய்யப்பட்டதால், மூக்கைக் கீழே இறக்கும் அசைவு குறைந்துபோயிருந்தது. கட்டுப்பாடு தடையில்லாமல் அசைகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விடுங்கள்: ஒன்று கட்டியவருக்கு, மற்றது அன்றைக்கு ஸ்பேனரைத் தொடாத ஒருவருக்கு.

அன்புடன்,
உங்கள் வரைபடங்களை விலை கொடுத்து வாங்கும் ஒருவன்