குதிரையின் தழும்பில் முடி முளைக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குதிரைக்குப் புண் ஆறிய இடத்தில் முடி வளர, சிரட்டை சுட்டு இறக்கிய எண்ணெயை வேப்பெண்ணெயில் கலந்து தினமும் அழுத்தித் தேய்க்கலாம் என்று தங்கள் நாளிதழின் வாசகர் குறிப்புகளில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, செய்யலாமா என்று கேட்டு என் வீட்டுக்கே சிலர் வந்துவிட்டார்கள். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் பாளையங்கோட்டையில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர். வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சிரட்டை எண்ணெய் காரமானது. மனிதர்களுக்குப் படர்தாமரைக்குப் போடுகிறோமே, அப்போதே எரியும். புண் மூடிய புதிய தோல் காகிதம் போல மெல்லியது. அதன் மேல் இதைத் தேய்த்தால் தோல் மறுபடியும் வெந்து உரியும். லாரி பட்டறையிலிருந்து பழைய எஞ்சின் ஆயில் வாங்கி வந்து பூசுகிறவர்களும் உண்டு. அது இன்னும் கொடுமை.

முடியின் வேர் தோலின் ஆழத்தில் இருக்கிறது. வேர் பிழைத்திருந்தால் எண்ணெய் இல்லாமலும் முடி வரும். தோல் முழு ஆழத்துக்கும் அழிந்து தழும்பாகிவிட்டால் எந்த எண்ணெய்க்கும் அங்கே வேலை இல்லை. வேர் பிழைத்து, நிறம் கொடுக்கும் அணுக்கள் மட்டும் செத்துப்போனால் முடி வெள்ளையாக முளைக்கும். சேணம் அழுத்திய முதுகு மேட்டில் செந்நிறக் குதிரைக்கும் வெள்ளைத் திட்டு விழுவது இதனால்தான். இதைக் கெட்ட சுழியோடு சேர்த்துப் பேசி விலையைக் குறைக்கிறார்கள். விற்பவர்களோ பூட்ஸ் பாலிஷும் தலைச் சாயமும் பூசி மறைக்கிறார்கள். இரண்டும் அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே முடி வருமா வராதா என்பது பெரும்பாலும் காயம் பட்ட அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. வாழைத் தோட்டத்து முள்கம்பியில் கால் மாட்டிய ஒரு பெண்குதிரையைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் ஒரு பக்கமாகக் கிழிந்து, முடியோடு தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அதை நறுக்கி எறியக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். முடியின் வேர் முழுவதும் அந்தத் தொங்கும் தோலில்தானே இருக்கிறது! பிடித்து நிறுத்தினோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றி, மண்ணும் சருகும் போகும்வரை ஊற்றிக் கழுவினோம். மருத்துவர் வந்து, தோலை அதன் இடத்திலேயே வைத்துத் தைத்தார். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) ஊசியும் போட்டார். குதிரைக்கு ரணஜன்னி வெகு சுலபமாக வந்துவிடும், அதை மறக்கவே கூடாது. தையல் பிடித்த இடமெல்லாம் பழைய நிறத்திலேயே முடி வந்தது. தோல் நசுங்கிக் கருகிப்போன ஓரத்தில் மட்டும் வழுக்கையாக ஒரு கோடு நின்றுவிட்டது.

காலின் கீழ்ப்பகுதியில் சதைப்பற்று கிடையாது, தோலும் இறுக்கமானது. அங்கே திறந்து கிடக்கும் புண்ணில் சதை சிவந்து பொங்கி மேலே எழும்பும். புதுத் தோல் ஓரத்திலிருந்துதான் உள்நோக்கி ஊர்ந்து வர வேண்டும். பொங்கிய சதையைத் தாண்டி அதனால் ஏற முடியாது. நம் ஊரில் உடனே மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தூவுகிறார்கள். அது சதையைச் சுடும், ஊர்ந்து வரும் இளந்தோலையும் சேர்த்தே சுடும். தழும்பு அகலமாவது இப்படித்தான். பொங்கிய சதையை மருத்துவர் சீவி எடுத்துக் கட்டுப்போடுவதே முறை. நாள்பட்டும் ஆறாத புண் கட்டியாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

புண் மூடிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காய்ந்து வெடிக்காமல் இருக்கச் சுத்தமான தேங்காயெண்ணெயை மெல்லத் தடவலாம். அக்னி நட்சத்திர வெயிலில் நிழலில் கட்ட வேண்டும். ஈ மொய்க்க விடக் கூடாது. கொள்ளும் பச்சைப்புல்லும் தாது உப்புக் கலவையும் கொடுத்தால் பிழைத்த வேர்களுக்கு அது போதும். பளபளப்புக்கு என்று பச்சை முட்டை ஊற்றுகிறார்களே, அதன் வெள்ளைக்கரு முடிக்கு வேண்டிய பயோட்டின் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். முடி உதிர்ந்த இடம் வட்டமாகப் பரவினால் அது தழும்பே அல்ல, படையாக இருக்கக்கூடும், தொட்டவருக்கும் ஒட்டும்.

ஆறிய இடத்தின் மேலேயே பழைய வாரை மறுபடி இறுக்குவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. வியர்வை உப்பேறிய வார் விறைத்துக் கிடக்கும்; விரலால் தடவினாலே விளிம்பு அறுக்கும். அதைக் கழுவி, விளக்கெண்ணெய் ஊறவிட்டு, உள்ளே மெத்தை வைத்துத் தைத்த பிறகே பூட்ட வேண்டும். பந்தயத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் புண்ணோடு குதிரையை இழுத்துவருவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில் இந்த இரண்டையும், தொங்கும் தோலை வெட்டக் கூடாது என்பதையும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பாளையங்கோட்டை.